தூரத்தைக் குறைச்சுச் சொன்னேன்

ஒன்பதாம் வகுப்பு வாசலை நான் பெருக்கிக்கினு இருந்தேன். உள்ளே வரலாறு டீச்சர் ஐரோப்பாக்காரங்க கடல் தாண்டிப் போன பாடம் நடத்தினாங்க. ஸ்பெயின் தேசத்து ராணிகிட்ட மூணு கப்பலை வாங்கி, யாரும் போகாத மேற்குப் பக்கமா ஒருத்தன் கிளம்பிப் போன கதை. அவன் நெசவுக்காரர் மகன் என்று டீச்சர் சொன்னதும் தறி ஓடுகிற ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டு சிரிச்சார்கள்.

அந்தத் தலைவன் ரெண்டு நோட்டு வைத்திருந்தானாம். எவ்வளவு தூரம் வந்தோம் என்று தினமும் ஒன்றில் உள்ளதை உள்ளபடி எழுதி மறைச்சு வைப்பான். இன்னொன்றில் குறைச்சு எழுதுவான். கப்பல் ஆளுங்களுக்கு அந்தக் குறைச்சதைத்தான் படிச்சுக் காட்டுவான். ரொம்ப தூரம் வந்துட்டோம்னு தெரிஞ்சா பயந்துபோய் திரும்பச் சொல்லுவாங்க இல்லையா, அதுக்காக.

"மிஸ், அப்ப அது சீட்டிங்!" என்றாள் ஒருத்தி.

"சரி, நீங்களே சொல்லுங்க. ஒரு தலைவனுக்கு என்ன குணம் வேணும்?"

தைரியம் என்றாள் ஒருத்தி. அறிவு, பொறுமை, எல்லாரையும் சமமா நடத்தறது என்று வரிசையாகச் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. குனிஞ்ச தலை நிமிராமல் சொன்னேன்:

"பொய் சொல்லத் தெரியணும். சொல்லிட்டு மூஞ்சி மாறக்கூடாது."

வகுப்பே சிரிச்சது. டீச்சரும் சிரிச்சாங்க. "ஆயாம்மா, நீங்க எத்தனை கப்பல் ஓட்டினீங்க?"

"கப்பல் இல்லீங்க. பதினேழு பொம்பளைங்க."

"ஐயோ, அதுக்குக் கப்பலே ஓட்டிடலாம்," என்றாங்க டீச்சர். மறுபடி சிரிப்பு. "இங்க முடிஞ்சதுன்னா அடுத்த ரூமைப் பாருங்க ஆயாம்மா."

அடுத்த ரூமைப் பெருக்கப் போனேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், நேரம் ஆகும். எனக்கு அவசரமில்லை.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகைக்குப் பக்கம். இருபத்தாறு வருஷம் நான் நடவு மேஸ்திரி. கழனி வச்சிருக்கிறவன் என் வாசலுக்கு வந்து, "எக்கா, நாளன்னிக்கு ஆள் வேணும்," என்று நிற்பான். நான் ஆங் என்றால்தான் ஆள். பதினேழு பேர் என் பின்னால் வருவார்கள். யார் வரலாம், யார் வரக்கூடாது, யார் எங்கே நிற்கணும், எப்போது சோற்றுக்கு உட்காரணும், எல்லாம் நான்தான். எவளும் என்னை எதிர்த்துப் பேசினதில்லை. எதிர்த்தால் என்ன செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நடவு எப்படி நடுவோம் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வரிசையாகக் குனிஞ்சு நின்று, நட்டுக்கினே பின்பக்கமாக நடப்போம். ஒவ்வொருத்திக்கும் இத்தனை அகலம் என்று பங்கு இருக்கும். ஒருத்தி மெதுவாக நட்டால் ரெண்டு பக்கத்திலும் இருக்கிறவர்கள் அவள் பங்கில் ரெண்டு ரெண்டு குத்து நட்டுக் கொடுத்து, அவளையும் கூட இழுத்துக்கினு வருவார்கள். அது வழக்கம். ஒருத்தியை அடக்கணும் என்றால் நான் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கண் காட்டுவேன். அவ்வளவுதான். யாரும் அவளுக்கு ஒரு குத்துகூட நட மாட்டார்கள். எல்லாரும் விறுவிறுன்னு பின்னால் போய்விடுவோம். அவள் மட்டும் முன்னால் தனியாக நிற்பாள். ரெண்டு பக்கமும் நட்ட நாத்து, நடுவில் சந்து மாதிரி சேறு, அதில் அவள். நாத்துக்கட்டு தீர்ந்தால் யாரும் வீசிப் போடமாட்டோம். அவளே அந்தச் சந்து வழியாகப் பின்னால் நடந்து வந்து எடுத்துக்கினு போகணும். வரப்பில் நிற்கிற கழனிக்காரன் பார்ப்பான். டீக் கடைக்குப் போகிறவன் பார்ப்பான். ஒரு நாள் சந்தில் நின்றவள் மறுநாள் என் கண்ணைப் பார்க்கமாட்டாள். கை ஓங்கினதே இல்லை நான். தேவைப்படவில்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நடவு மெஷின் வந்தது. ரெண்டு ஆள் உட்கார்ந்துகொண்டு ஒரே காலையில் எங்கள் ஒரு நாள் வேலையை முடிச்சுவிட்டான். அந்தக் கார்த்திகைக் கடைசியில் என் வாசலுக்கு ஒருத்தனும் வரவில்லை. பொம்பளைங்க வந்து உட்கார்ந்துவிட்டு, எழுந்து போனார்கள். ஒருத்தி, "மேஸ்திரிம்மா, நூறு நாள் வேலை எப்ப போடுவாங்கன்னு பஞ்சாயத்து கிளார்க்கையே கேக்கலாமா?" என்றாள். வேறொருத்தனிடம் போய் நிற்கிற யோசனை வந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஆர்.கே.பேட்டை உரக்கடையில் ஒரு ஆள் பேச்சுவாக்கில் சொன்னான். ஆந்திராவில், கூடூர் தாண்டி உள்ளே, ஏரி ரொம்பி கழனியெல்லாம் தொடை ஆழம் சேறாம். மெஷினை இறக்கினால் முழுகிவிடுகிறதாம். கைநடவுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்களாம். ஊர் பேர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு பதினேழு பேரையும் ரயிலேற்ற முடிவு பண்ணினேன். அதுவரைக்கும் நான் புத்தூரைத் தாண்டினதில்லை.

எங்கே என்று கேட்டார்கள். "ரேணிகுண்டா தாண்டி ரெண்டு ஸ்டேஷன்," என்றேன். எத்தனை நாள் என்றார்கள். "பத்து நாளு. திருத்தணி கோயில்ல படித் திருவிழாவுக்கு வந்துடலாம். இங்கிலீஷ் வருசப்பொறப்பன்னிக்கு மலை ஏறாம இருப்பமா?" என்றேன். நோட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை. நிஜ தூரம் எனக்கே தெரியாது.

அந்தப் பதினேழு பேரில் என் ஓரகத்தியும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் தம்பியின் பெண்சாதி. நகரி பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் கரும்பு இருந்தது. ஏழாவது வரை படிச்சவள், அதுவும் தெலுங்கில். தெலுங்கு பேச எங்களுக்கெல்லாம் வரும், எழுத்து அவளுக்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றைக்கு, நான் கொடுத்த தண்ணியை வாங்கி சொம்புக்குள் பார்த்துவிட்டுத்தான் குடிச்சாள். என்னைப் பெத்தவங்க கூலிக்காரங்க. அதை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்போது அவள் மகள் நிறைமாசமாகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தலைப்பிரசவம். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.

"பொண்ணுக்கு எட்டு முடியப்போவுது அக்கா. பொறந்த புள்ளைய நான்தான் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும். எங்கம்மா எனக்குச் செஞ்சா, அவங்கம்மா அவளுக்குச் செஞ்சா. அது என் கையால நடக்கணும்."

"பத்து நாளுல வந்துடுவ. அதுக்கு அப்பறம் இன்னும் ஒரு மாசம் இருக்குது உன் பொண்ணுக்கு. என்னாத்துக்கு பயப்படற?"

"நெசமா பத்து நாளா அக்கா?"

"என் மேல நம்பிக்கை இல்லைன்னா வரவேணாம் போ."

வந்தாள். எனக்கு அவள் வேண்டியிருந்தது. தெரியாத சீமைக்குப் போகிறவனுக்கு எழுத்துப் படிக்கிற ஆள் ஒன்று கூட வேண்டும். வீட்டில் இருந்த ஒரே போனை மகளிடம் கொடுத்துவிட்டு, என் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை, என் போனில்தான் இருந்தது.

திருத்தணியில் பாசஞ்சர் ஏறினோம். ரேணிகுண்டாவில் வேறு வண்டி மாறினோம். காளஹஸ்தி வந்தது. "இன்னும் ரெண்டு ஸ்டேஷன்," என்றேன். கூடூர் வந்தது. "இங்கேர்ந்து பக்கம்," என்றேன். பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஓரகத்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டோரக் கல்லையெல்லாம் படிச்சுக்கினே வந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பிவிட்டது. "இது எந்த ஊரு? இன்னும் எம்மாந்தூரம் இருக்குது?" என்று அவளைக் கேட்கிறார்கள், என்னை இல்லை.

"அக்கா," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நாம நெல்லூர் கிட்ட வந்துட்டோம். நம்ம ஊர்லேர்ந்து மெட்ராஸுக்கே போயிட்டு வந்துடலாம் இந்த தூரத்துக்கு."

"ஆங். கல்லுல எழுதினவன் குடிச்சுட்டு எழுதியிருப்பான்," என்றேன். சிரிச்சார்கள். அந்தச் சிரிப்பு பலமாக இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் வெயிலில் நின்றோம். அவள்தான் ஒரு சுவரில் எழுதியிருந்ததைப் படிச்சு, ஏரிப்பாசன சங்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிச்சாள். அங்கே போனால் கழனிக்காரன் கிடைப்பான் என்றாள். கிடைத்தான். கண்ணுக்கு எட்டின வரை தண்ணி, சேறு, கொக்கு. கழனிக்காரன், "எவரம்மா மேஸ்திரி?" என்று கேட்டான். நான் முன்னால் போய் நின்றேன். இந்த இடத்தைத் தேடித்தான் வந்தேன் என்றேன்.

டீச்சர் பாடத்தில் இதுவும் வந்தது. கரையை முதலில் பார்க்கிறவனுக்குப் பட்டுச் சட்டையும், ராணி தருகிற பணமும் உண்டு என்றானாம் அந்தக் கப்பல்காரன். பாய்மரத்தின் மேலிருந்து ஒருத்தன் பார்த்துக் கத்தினான். நான் நேற்றே வெளிச்சம் பார்த்துட்டேன் என்று சொல்லி, பணத்தை இவனே எடுத்துக்கொண்டானாம். பெண்கள் எல்லாம் "சீ" என்றார்கள். நான் பெருக்கிக்கினே இருந்தேன்.

வேலை நிறைய இருந்தது. சேறு உரக்கடைக்காரன் சொன்ன மாதிரியே தொடை ஆழம். பத்து நாள் ஆனது. ஓரகத்தி வந்து நின்றாள்.

"கிளம்பலாம் அக்கா."

"இன்னும் நாலு கழனி ஒத்துக்கினு இருக்குறேன்."

"நீ ஒத்துக்கினா நீ நடு. நான் போறேன். வழி எனக்குத் தெரியும். வரவங்க என்கூட வாங்க."

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால், அவளைத் தனியாக ரயிலேற்றி அனுப்பியிருப்பேனோ என்னவோ. சொல்லிவிட்டாள். நாலஞ்சு பேர் மூட்டையைப் பார்த்தார்கள். அவள் போனால் பாதிப் பேர் போவார்கள். பாதி ஆளோடு நின்றால் கழனிக்காரன் எல்லாரையும் விரட்டுவான். ஊருக்குத் திரும்பினால் மேஸ்திரி என்று அவள் வாசலில்தான் போய் நிற்பார்கள்.

நான் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னேன்: "போறவங்க போலாம். அடுத்த வாட்டி வேலைன்னு என் வாசப்படி மிதிக்க வேணாம். இவ அப்பனுக்குக் கரும்பு இருக்குது, இவ சாப்பிடுவா. உங்க அப்பனுக்கு என்னா இருக்குது?"

ஒருத்தியும் நகரவில்லை. தனியாகப் போக அவளும் துணியவில்லை. அவளுக்கு வழி தெரியும், ஆனால் அந்த ஊரில் தனிப் பொம்பளையாக ஆறு மைல் நடந்து பஸ் பிடிக்கணும்.

மறுநாள் அவளைச் சந்தில் விட்டேன். அதற்கு மறுநாளும். மூணாம் நாளும். அகலமான பங்கைக் கொடுத்தேன், பக்கத்தில் ரெண்டு வேகக்காரிகளை நிறுத்தினேன். நல்ல நடவுக்காரி அவள், மறுக்க மாட்டேன். ஆனால் யாராலும் முடியாது அது. சோற்றுக்கு நாங்கள் கரையேறும்போது அவள் அந்தக் கோடியில் குனிஞ்சிருப்பாள். முடிச்சு வரும்போது நாங்கள் கை கழுவிவிட்டிருப்போம்.

"மகாராணி வராங்க, வழி விடுங்கடி," என்பாள் ஒருத்தி.

"படிச்சவங்க இல்லியா, ஒவ்வொரு நாத்தா எண்ணி நடறாங்க," என்பாள் இன்னொருத்தி.

அவளோடு பேசாதீர்கள் என்று நான் சொல்லவேயில்லை. அவர்களாகவே பேச்சை நிறுத்தினார்கள். கிளம்பலாம் என்று ஆசைப்பட்டவர்கள்தான் அவளை அதிகமாகக் குத்தினார்கள். நாலாம் நாள் அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிஞ்சது. சேத்துப்புண். ஆறாம் நாள் பாதம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. கழனிக்காரன் மாட்டுக்கொட்டகையில் படுத்தாள்.

அன்று என் போன் அடிச்சது. அவள் மகள்.

"பெரிம்மா, அம்மாகிட்ட குடு."

"கழனியில கீறா கண்ணு."

"எப்ப வருது? எனக்கு இடுப்பு வலிக்கிறாப்பல கீது."

"அதெல்லாம் சூட்டு வலி. சீரகத் தண்ணி குடி. வந்துடுவோம்."

கொட்டகை இருபதடி தூரத்தில் இருந்தது. போனைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவள் அழுவாள், மத்தவர்கள் கேட்பார்கள், மறுபடி மூட்டையைப் பார்ப்பார்கள். போனை மடியில் செருகினேன்.

போன மாசம் டீச்சர் வேறொரு கப்பல்காரன் பாடம் நடத்தினாங்க. இவன் உலகத்தையே சுற்றி வரக் கிளம்பினவன். வழியில் இவன் பேச்சைக் கேட்காமல் கலகம் பண்ணின ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையையும், ஒரு பாதிரியாரையும், பனி கொட்டுகிற ஒரு கரையில் இறக்கிவிட்டுக் கப்பலை எடுத்துக்கினு போய்விட்டானாம். கூட ரொட்டியும் கொஞ்சம் ஒயினும் வைத்துவிட்டுப் போனானாம்.

"எதுக்கு இப்படிப் பண்ணான்? கப்பல் ஆளுங்க பிரிஞ்சுடக்கூடாதுன்னு. இதுதான் தலைமை. நோட் பண்ணிக்குங்க," என்றாங்க டீச்சர்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், அப்பறம் அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?"

"தெரியாதும்மா. எக்ஸாமுக்கு அது வராது. உட்காரு."

நான் துடைப்பத்தோடு ஜன்னல் கிட்டே நின்றேன். உள்ளே போய்ச் சொல்லணும் போல இருந்தது, என்ன ஆவாங்க என்று எனக்குத் தெரியும் என்று. ஆனால் நான் பார்த்தது விட்டுவிட்டுப் போனதை மட்டும்தான்.

அடுத்த ஊர்க் கழனிக்காரன் டிராக்டர் அனுப்பியிருந்தான். விடிஞ்சு வெயில் ஏறின நேரம். பொம்பளைங்களை டிராக்டரில் ஏறச் சொல்லிவிட்டு நான் மட்டும் கொட்டகைக்குப் போனேன். அவள் கண் திறந்திருந்தாள்.

"நாலு நாளு வேலை," என்றேன். "முடிச்சுட்டு இந்த வழியாத்தான் வருவோம். உன்னைக் கூட்டிக்கினு நேரா ஊரு."

"என்னையும் ஏத்திக்கினு போ அக்கா. ஓரமா படுத்துக்கறேன்."

"அங்க படுக்க எடம் இல்லையாம்."

"இந்த வழியாத்தானே வருவ?"

"வேற வழி ஏது?"

வேறு வழி இருந்தது. அந்த ஊரிலிருந்தே கூடூருக்கு நேர் பஸ் உண்டு என்று டிராக்டர்காரன் அப்போதுதான் சொல்லியிருந்தான். ஒரு பிரெட் பாக்கெட்டும் காய்ச்சல் மாத்திரையும் அவள் தலைமாட்டில் வைத்தேன். கழனிக்காரன் பெண்சாதியிடம் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். அவள் புடவை மூட்டையைக் கால் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

டிராக்டரில் மூத்தவள் ஒருத்தி கேட்டாள்: "அவ எங்க?"

"ஊருக்கு அனுப்பிட்டேன். பொண்ணு போன் பண்ணிச்சு. காலையிலயே பால் வண்டியில ஏத்திட்டேன்."

மூத்தவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அதன் வாசலில் ஓரகத்தி செருப்பு கிடந்தது. "குடுத்து வச்சவ," என்றாள். டிராக்டர் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் பதினாறு பேரும் நட்ட மாதிரி என் இருபத்தாறு வருஷத்தில் யாரும் நட்டதில்லை. நாலு நாள் பத்து நாளானது. எத்தனை நாள் என்று ஒருத்தி கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. படித் திருவிழா போய்விட்டது. வருஷம் பிறந்தது. பொங்கலுக்கு முன்னால் கூடூர் பஸ் ஏறி, ரயில் ஏறி, திருத்தணியில் இறங்கினோம். எல்லாருடைய பையிலும் அரிசி இருந்தது.

ஊருக்குள் நுழையும்போது ஓரகத்தி மகள் வாசலில் ஒரு கையால் இடுப்பைப் பிடிச்சுக்கினு நின்றாள். வயிறு இறங்கியிருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"அம்மா எங்க பெரிம்மா?"

பதினாறு பேரும் நின்றார்கள். பால் வண்டியில் ஏற்றி அனுப்பினேன் என்று நான் சொன்னதை அந்தப் பதினாறு பேரும் கேட்டவர்கள். ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் என் மேஸ்திரித்தனம் அந்த வாசலிலேயே முடிஞ்சிருக்கும். நான் ஒவ்வொருத்தியையும் பார்த்தேன். மூத்தவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே மத்தவர்களும் போனார்கள். அவர்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. செருப்பை எல்லாரும்தான் பார்த்தார்கள்.

"வழியில காய்ச்சல் கண்ணு. ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்துகீறேன். நாலு நாளுல வந்துடுவா," என்றேன்.

கொழுந்தன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "எந்த ஊரு அண்ணி? நான் போய்ப் பாக்கறேன்."

ஊர் பேர் எனக்குத் தெரியும். பதினஞ்சு நாளுக்கு மேல் அங்கே நட்டிருக்கிறேன். "போர்டு தெலுங்குல இருந்தது. எனக்கு எங்க படிக்கத் தெரியுது?" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தவர்களைப் போய்க் கேட்டபோது அவர்களும் அதையேதான் சொன்னார்களாம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த நோட்டில் எழுத உட்கார்ந்தபோது ரொம்ப நேரம் யோசிச்சேன். அவர் போய்க் கூட்டி வந்திருந்தால் அவள் முதல் ஆளாக வந்து பேசியிருப்பாள், நான் ரெண்டாவதாகப் பேச வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம். வேறு தேடினேன், இல்லை.

நாலு நாள் கழிச்சு மகளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். என் கையைத்தான் பிடிச்சுக்கொண்டாள். "அம்மா, அம்மா" என்று அவள் கத்தினபோதெல்லாம் நான்தான் "கீறேன் கண்ணு" என்றேன். பெண் குழந்தை. நர்ஸ் வெளியே வந்து, "பாட்டி யாருங்க?" என்றாள். கையை நீட்டினேன்.

அடுத்த வருஷம் நடவுக்கு ஆந்திரா போனபோது அதே பதினாறு பேரும் வந்தார்கள். ஒருத்திகூட குறையவில்லை. கூட நாலு பேர் சேர்ந்தார்கள். கூட்டிப் போனாள், வயிறு ரொம்பக் கூட்டி வந்தாள் என்று ஊரில் எனக்குப் பேர். முட்டி தேய்ந்து நானாக விட்டபிறகுதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். என்னை யாரும் இறக்கவில்லை.

ஓரகத்தி வந்தது குழந்தை பிறந்த பதினோராம் நாள். காலை நேரம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் பலகை போட்டு, கால் ரெண்டையும் நீட்டி, குழந்தையை என் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். பாதி ஆளாக நின்றாள். ரெண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது, துணி நனைஞ்சிருந்தது. கரும்பு லாரியில் கொஞ்ச தூரம், பஸ்ஸில் கொஞ்ச தூரம், மிச்சம் நடந்து என்று பிறகு கொழுந்தனிடம் சொன்னாளாம்.

மகள் உள்ளேயிருந்து, "அம்மா!" என்று ஓடி வந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள். ஓரகத்தி அழவில்லை. மகள் தோளுக்கு மேலே என் காலைப் பார்த்தாள்.

"குடு அக்கா," என்றாள். கையை நீட்டிக்கினு என் பக்கம் வந்தாள்.

"கிட்ட வராத," என்றேன். "கால்ல சீழு வச்சிருக்குது. பச்சப் புள்ளைக்கு ஒட்டிக்கும்."

மகள் அவள் காலைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். "ஆமாம்மா," என்றாள் மெதுவாக. "புண்ணு ஆறட்டும்மா. பெரிம்மா நல்லா குளிப்பாட்டுது."

நீட்டின கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று நினைத்தேன். இந்த வழியாத்தானே வருவேன்னு சொன்ன, என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். மகள் பக்கத்திலேயே நின்றாள், கொழுந்தன் வாசலில் நின்றார். கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால், தாயைத் தொலைத்தவள் கையில்தான் மகள் பிரசவம் பார்த்துக்கொண்டாள் என்று ஆகும். மகள் அப்போது என் முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

கையைக் கீழே போட்டாள்.

அந்தப் புண் ஆற ரெண்டு மாசம் ஆனது. அதற்குள் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது, காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற வேலை முடிஞ்சுவிட்டது.

ஆனால் நான் எழுதுவது அந்தப் பதினோராம் நாளை. அவள் வீட்டுக்குள் போகவில்லை. அடுப்பு கிட்டே வந்து, வெந்நீர் அண்டாவைத் தூக்கமுடியாமல் தூக்கி என் பக்கத்தில் வைத்தாள். நொண்டிக்கினே போய்ப் பச்சைத் தண்ணி கொண்டுவந்து கலந்தாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சொம்பில் மொண்டாள்.

"பதமா இருக்குதா?" என்றேன்.

"ஆங்," என்றாள்.

"ஊத்து."

ஊற்றினாள். குழந்தை என் காலில் கிடந்து கத்தியது.